பயிற்சி எப்போது பலன் தரும்? நமது கடை முதலாளிமார் கேட்க வேண்டிய கேள்வி

நமது கரையோரத்தில் தொழிற்பயிற்சிக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர் வந்த சில ஆண்டுகளில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை தையல், கேக் தயாரிப்பு, கணினி, கணக்குப் பதிவு என்று நடக்காத பயிற்சியே இல்லை எனலாம். அன்று கொடுத்த சான்றிதழ்கள் இன்றும் பல வீடுகளில் கோவைகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சான்றிதழ்களில் எத்தனை ஒரு தொழிலாக மாறின என்று கேட்டால் பெரும்பாலானோர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

இதனால் நமது வியாபாரிகள் மத்தியில் இரண்டு விதமான எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. பயிற்சி என்பது சாப்பாட்டுப் பார்சலும் குழுப் படமும் மட்டும்தான், அதற்கு ஆளை அனுப்பினால் ஒரு நாள் சம்பளம் நட்டம் என்பது ஒன்று. கடையில் எந்தக் குறை வந்தாலும் வேலையாட்களுக்கு ஒரு செயலமர்வு வைத்தால் சரியாகிவிடும் என்பது மற்றது. பயிற்சி வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பதைவிட அது எப்போது வேண்டும் என்று கேட்பதுதான் பயனுள்ளது. ஒரே பயிற்சி ஒரு நேரத்தில் பொன்னாகவும் இன்னொரு நேரத்தில் வெறும் காகிதமாகவும் போகிறது.

இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் தேடிப் போகத் தேவையில்லை. நமது நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய மூவரும் கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஏற்கெனவே சிறுதொழில் செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு வகை. இன்னும் தொழில் தொடங்காமல், தொடங்கும் எண்ணத்தில் இருந்தவர்கள் மற்ற வகை. ஒவ்வொரு வகையிலும் சிலருக்குச் சர்வதேச தொழில் அமைப்பின் பெயர்பெற்ற வியாபாரப் பயிற்சி கொடுக்கப்பட்டது. சிலருக்குப் பயிற்சியோடு 15,000 ரூபா பணமும் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன.

ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் கணக்கெழுதும் பழக்கம் போன்ற சிலவற்றைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் இலாபம் கூடவில்லை. பணமும் சேர்த்துப் பெற்றவர்களின் இலாபம் முதல் சில மாதங்களில் நன்றாக உயர்ந்து, இரண்டாம் ஆண்டில் பழைய நிலைக்கே இறங்கியது. புதிதாகத் தொடங்கக் காத்திருந்தவர்களின் கதை வேறு. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட விரைவாகத் தொழிலுக்குள் நுழைந்தார்கள். காலம் செல்ல மற்றவர்களும் எண்ணிக்கையில் அவர்களை எட்டிப் பிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பயிற்சியோடு தொடங்கியவர்களின் தொழில் கூடுதல் இலாபத்தோடு, ஒழுங்கான முறையில் நடந்தது.

அதே பாடநெறி இரு சாராருக்கும் வேறுவேறு விளைவைத் தந்திருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பத்து வருடமாக இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தாய்க்கு மாவு விலை, விறகு விலை, எந்த வீட்டார் கடன் சொல்வார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். அவரது வருமானத்தைக் கட்டிப்போட்டிருப்பது அறிவுக் குறைவு அல்ல. வாங்குவோர் எண்ணிக்கையும் கையிலுள்ள முதலும்தான். அவருக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தால் மூன்று நாள் இடியப்பம் விற்காமல் போகும். நாளை கடை திறக்கப் போகிறவருக்கோ ஒவ்வொரு முடிவும் புதியது. விலையை எப்படிப் போடுவது, கடனுக்குக் கொடுப்பதா, வீட்டுச் செலவையும் கடைப் பணத்தையும் எப்படிப் பிரிப்பது என்பவற்றை அந்த வாரமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கேட்டதை உடனே பயன்படுத்துகிறார். தவறான பழக்கம் ஊறுவதற்கு முன்னரே சரியான பழக்கம் வந்துவிடுகிறது.

ஆசிரியத் தொழிலில் இதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கலாசாலைக்கு வருபவர்கள் ஏற்கெனவே சில காலம் வகுப்பில் நின்று பிள்ளைகளோடு போராடியவர்கள். உளவியல் விரிவுரையில் அவர்கள் கேட்கும் கேள்விகள் புத்தகத்திலிருந்து வருவதில்லை, வகுப்பிலிருந்து வரும். கல்வியியற் கல்லூரிகளுக்கு வருபவர்கள் உயர்தரம் முடித்த கையோடு வருபவர்கள். அவர்களுக்கு இரண்டு வருடம் கல்லூரியில் படித்தபின் மூன்றாம் வருடம் முழுவதும் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள். படித்ததற்கும் செய்வதற்கும் இடையில் இடைவெளி விழக்கூடாது என்பதே அதன் நோக்கம். இரு வழியிலும் பயிற்சியின் பக்கத்திலேயே வேலை இருக்கிறது. இதற்கு மாறாக, தவணை விடுமுறையில் மண்டபத்தில் நடக்கும் ஒரு நாள் கருத்தரங்கில் கேட்டதில் எவ்வளவு வகுப்பறைக்குள் வந்தது என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஆக, வேலையில் ஏதோ ஒன்று மாறுகிற நேரம்தான் பயிற்சிக்குரிய நேரம். புதிய ஆள் சேர்கிறார், புதிய மெசின் வருகிறது, புதிய வகைப் பொருள் செய்யக் கேட்கிறார்கள், ஒரு வேலையாள் மேற்பார்வையாளராக உயர்கிறார். கடைசியாகச் சொன்னதை நமது முதலாளிமார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நன்றாகத் தைக்கிறவரை ஒரு நாள் காலையில் பத்துப் பேருக்குத் தலைவராக்கிவிடுகிறோம். தைக்கத் தெரிந்தவருக்கு ஆட்களை நடத்தவும் தெரியும் என்று யார் சொன்னது?

இப்போது நம் கண்முன்னே நடக்கும் மாற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஹைபிரிட் வாகனங்களோடு முழு மின்சாரக் கார்களும் வீதியில் கூடிவருகின்றன. அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் கல்முனையிலும் உள்ள கராஜ்களில் மிகத் திறமையான பாஸ்மார் இருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மின்சாரக் காருக்கு எஞ்சின் சத்தமே இல்லை. சில ஹைபிரிட் பற்றரிகளின் மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும், முழு மின்சாரக் காரில் பெரும்பாலும் அதைவிடவும் அதிகம். செம்மஞ்சள் நிற வயரைத் தொடுவதற்கு முன் மின்தொடர்பை எப்படித் துண்டிப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, என்ன கையுறை போடுவது என்பது தெரியாத கையாள் உயிரையே இழக்கலாம். இந்தப் பயிற்சியை முதல் கார் கராஜுக்குள் வருவதற்கு முன்னரே எடுக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து எடுத்தால் அதற்குள் வாடிக்கையாளர்கள் அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் பழகியிருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. பிரச்சினை திறமைக் குறைவு அல்லாதபோது எந்தப் பயிற்சியும் உதவாது. ஒரு புடவைக் கடை முதலாளி, ‘நமது சேல்ஸ் பிள்ளைகள் வாடிக்கையாளருடன் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள் இல்லை’ என்று குறைப்பட்டு, வாடிக்கையாளர் சேவை பற்றி வகுப்பெடுக்க ஆள் தேடினால் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை உட்கார ஒரு கதிரை இருக்கிறதா என்பதைத்தான். கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கொடுக்க வேண்டும் என்று சட்டமே திருத்த வேண்டியிருந்தது. கால் கடுக்க நிற்பவருக்குப் புன்னகைக்கக் கற்றுக்கொடுப்பது வீண். நூல் தரம் குறைவாக இருந்தால் நெசவாளிக்குப் பயிற்சி கொடுத்துத் துணி நன்றாக வராது. அரிசி ஆலையில் கலர் சோர்ட்டர் கமரா தூசி பிடித்துக் கிடந்தால் இயக்குகிறவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் கறுப்பு மணி அரிசியோடு வரத்தான் செய்யும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. அந்த வேலையாள் தான் விரும்பினால், நல்ல பொருளும் நல்ல கருவியும் கையில் இருந்தால், வேலையைச் சரியாகச் செய்வாரா? செய்வார் என்றால் பயிற்சிக்குச் செலவழிக்கும் பணத்தைக் கருவிக்கோ சம்பளத்துக்கோ செலவழியுங்கள். அப்படியும் செய்யத் தெரியாது என்றால்தான் பயிற்சி.

மருதமுனையின் கைத்தறிச் சாரனைப் பற்றிப் பேசாமல் நமது பகுதியில் தொழிற்றிறன் பற்றிப் பேச முடியாது. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொடுக்கப்பட்ட தொழில் அது. அங்கே சான்றிதழ் இல்லை, ஆனால் பயிற்சி இருந்தது. தறியருகே உட்கார்ந்து தார் சுற்றித் தொடங்கும் பிள்ளை படிப்படியாகத் தறிக்குள் இறங்கும். இன்று நெசவுக்கு இளைஞர் வருவது குறைவு என்ற கவலை அடிக்கடி கேட்கிறது. அதற்கு நெசவுப் பயிற்சி நிலையம் மட்டும் தீர்வாகாது. நூலும் சாயமும் என்ன விலைக்குக் கிடைக்கின்றன, நெய்த சாரனை யார் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. விலை கட்டுப்படியானால் பிள்ளைகள் தாமாகவே தறிக்கு வருவார்கள், அப்போது பயிற்சியும் பலிக்கும்.

நெசவுத் தொழிலிலேயே நடந்த இன்னொரு ஆய்வு இங்கு பொருத்தமானது. மும்பைக்கு அண்மையிலுள்ள துணி ஆலைகளில் 2008இல் தொடங்கிய அந்த ஆய்வில், ஆலோசகர்கள் சில ஆலைகளுக்குள் மாதக் கணக்கில் தங்கி வேலை ஒழுங்குகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய வித்தை எதுவுமில்லை. பழுதான துணியை நாள்தோறும் எழுதிவைப்பது, மெசின் உடைவதற்கு முன் பராமரிப்பது, நூல் களஞ்சியத்தை ஒழுங்காக அடுக்குவது போன்றவைதான். முதலாம் ஆண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இதில் இரண்டு விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். பயிற்சி ஹோட்டல் மண்டபத்தில் நடக்கவில்லை, தறிகளுக்கு நடுவே நடந்தது. அடுத்தது, வேலையாட்களை மட்டும் திருத்தவில்லை, முதலாளியின் பழக்கங்களைத் திருத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கற்றுக்கொடுத்த ஒழுங்குகளில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தது. முகாமையாளர் மாறிய இடங்களிலும் முதலாளிக்கு நேரமில்லாமல் போன இடங்களிலும் அவை மறைந்திருந்தன. ஆனாலும் பயிற்சி பெறாத ஆலைகளைவிட அவை முன்னிலையிலேயே இருந்தன.

நமது ஊரில் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பும் முதலாளி தான் போவதில்லை. போய்வந்த பிள்ளை ‘இப்படிச் செய்யச் சொன்னாங்க’ என்று சொன்னால், ‘அதெல்லாம் அங்க சரி, இங்க நான் சொல்றபடி செய்’ என்ற பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்தோடு பயிற்சிச் செலவு முழுவதும் முடிந்துபோகும்.

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதற்கும் பழைய அனுபவம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமுள்ளவர்கள் போருக்குப் போக, தொழிற்சாலையையே பார்த்திராத பெண்களும் இளைஞர்களும் அந்த இடங்களுக்கு வந்தார்கள். 1940 முதல் 1945 வரை நடந்த அரசுத் திட்டம் ஒன்று 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்தது. அதில் ஒரு முக்கிய பாடம், அடுத்தவருக்கு வேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது. அந்தப் பாடம் மொத்தமே பத்து மணித்தியாலம். முதலில் கற்பவரின் பயத்தைப் போக்கி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது. பிறகு வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் செய்து காட்டுவது. மூன்றாவதாக அவரையே செய்யவிட்டு, செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறார் என்று வாயால் சொல்லவைப்பது. கடைசியில் தனியே விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார்ப்பது. போருக்குப் பின்னர் இந்த முறை ஜப்பானுக்குப் போய் அங்கு ஊன்றிவிட்டது. நமது கடைகளில் இரண்டாவது படி மட்டும் நடக்கிறது. ‘பார்த்துக்கோ’ என்று ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, பிழைத்தால் ஏசுகிறோம்.

நமக்கு இதில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. பத்ர் போரில் சிறைப்பட்டவர்களில் பணம் கொடுத்து மீள வழியில்லாத, எழுதத் தெரிந்தவர்களை, மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை சீறா வகுப்பில் படித்திருக்கிறோம். அங்கே எத்தனை நாள் வகுப்பு நடந்தது என்பது அளவுகோல் அல்ல. பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டார்களா என்பதே அளவுகோல். இன்று நமது பிரதேசத்தில் பயிற்சி நடத்தும் பலர் அறிக்கையில் எழுதுவது கலந்துகொண்டோர் எண்ணிக்கையை மட்டும்.

இனி, காலம். நமது வியாபாரம் பருவத்தோடு ஓடுகிறது. புடவைக் கடைக்கும் தையற்கடைக்கும் நோன்புப் பெருநாள். அரிசி ஆலைக்குப் பெரும்போக அறுவடையும் சிறுபோக அறுவடையும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு தையற்கடையில் ஒரு நாளைக்கு 40 உருப்படி தைக்கிறார்கள், அதில் நான்கு பிழைத்துத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்துத் தைக்க ஒன்றுக்கு 300 ரூபா என்றால் நாளைக்கு 1,200, மாதம் 25 வேலை நாளுக்கு 30,000 ரூபா. வெட்டும் முறையிலும் அளவெடுப்பதிலும் பத்து மணித்தியாலப் பயிற்சி கொடுத்து அந்தப் பிழையைப் பாதியாக்கினால் மாதம் 15,000 ரூபா மிச்சம். செலவு என்ன? மணித்தியாலம் 300 ரூபாப்படி ஐந்து பேரின் பத்து மணித்தியாலச் சம்பளம் 15,000, சொல்லிக்கொடுப்பவருக்கு 10,000, மொத்தம் 25,000. இரண்டு மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் இதை ரமழானின் நடுவில் வைத்தால் ஓடர்கள் கைமாறிப் போகும், கற்றதைப் பழக நேரமும் இருக்காது, கற்பவர்களும் களைத்திருப்பார்கள். ரஜபிலோ அதற்கு முன்னரோ வைத்தால், நெருக்கடி வரும்போது கை பழகியிருக்கும். பருவம் முடிந்து நான்கு மாதம் கழித்து வைத்தால் அடுத்த பருவம் வரும்போது பாதி மறந்திருக்கும். அந்தப் பத்து மணித்தியாலத்தையும் ஒரே நாளில் முடிக்காமல் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று பிரிப்பது நல்லது. காலையில் கற்றதைப் பகலில் தைத்துப் பார்க்கலாம், மறுநாள் சந்தேகம் கேட்கலாம்.

இவ்வளவும் சொன்னால் எல்லா முதலாளிமாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘நான் செலவழிச்சுப் பழக்குவன், அவன் பாஸ்போட் எடுத்துக்கொண்டு கட்டாருக்குப் போவான், அதுக்கு நான் ஏன்?’ நியாயமான கேள்வி. பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பிரிப்பு வைத்தார். எந்த இடத்திலும் செல்லுபடியாகும் திறமை ஒன்று, இந்தக் கடைக்கு மட்டும் உதவும் திறமை இன்னொன்று. வெல்டிங், வயரிங், கணினி போன்றவை முதல் வகை. அதன் பலன் கற்றவரோடு போய்விடும் என்பதால் அதற்கு முதலாளி மட்டும் செலவழிக்க விரும்பமாட்டார். நமது கடையின் பொருட்கள் எங்கே இருக்கின்றன, நமது வாடிக்கையாளர் யார், நமது பழைய மெசினுக்கு என்ன குணம் என்பவை இரண்டாம் வகை. அதை வேறு யாரும் கற்றுக்கொடுக்க முடியாது.

நமது நாட்டில் முதல் வகைக்கு அரசாங்கம் ஏற்கெனவே செலவழிக்கிறது. நிந்தவூரில் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையம் இருக்கிறது, சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை மூலம் ஒரு பிள்ளையைக் கடையிலேயே பயிலுநராக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பொதுத் திறமையை அங்கே விட்டுவிட்டு, சொந்தக் கடையின் வேலையைச் சொல்லிக்கொடுப்பதில் முதலாளி தன் நேரத்தைச் செலவழிக்கலாம். போகிறவர் போகத்தான் செய்வார். ஆனால் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்து, கற்கவும் வழியிருந்து, ஏச்சுக் குறைந்த கடையை விட்டுப் போக ஒரு பிள்ளை இரண்டு தடவை யோசிக்கும். அக்கரைப்பற்றுக் கடைகளில் வேலை செய்யும் ஆலையடிவேம்புப் பிள்ளைகள் சிலர் பதினைந்து வருடமாக ஒரே முதலாளியிடம் இருப்பதைக் காண்கிறோம். அவர்களைப் பிடித்துவைத்திருப்பது ஒப்பந்தம் அல்ல.

கையில் இருபது வருட வேலை இருந்தும் ஒரு துண்டுச் சான்றிதழ் இல்லாத நமது பாஸ்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் மீண்டும் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையில், முன்பே கற்ற திறமையைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வேலையைச் செய்து காட்டினால் போதும். வெளிநாடு போகிறவருக்கு அது சம்பளத்தைக் கூட்டும். ஊரில் இருப்பவருக்கு, தன்னிடம் வரும் பிள்ளைகளைப் பயிலுநராகப் பதிவுசெய்ய அது துணைசெய்யும். மேசன், தச்சு, வெல்டிங், மின்னிணைப்பு, வாகனத் திருத்தம் ஆகியவற்றில் இருப்பவர்கள் நிந்தவூர் நிலையத்துக்கு ஒரு தடவை போய் விண்ணப்பப் படிவத்தைக் கேட்டுப் பார்க்கலாம். வேலை குறைந்திருக்கும் மழைக்காலம் அதற்கு வசதியான நேரம்.